கோயிலுக்கு ஒரு பொருளாளர் இருந்தார்: எங்கள் தோட்டம் காலியான நிகழ்வு

2017 வாக்கில், மலேசியாவில் எங்கள் தோட்டத்து லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) பின்னால், செம்பனை (எண்ணெய்ப்பனை) காட்டோரம், சிவப்புச் சாயம் பூசிய முளைக்குச்சிகள் வரிசையாக வந்து நின்றன. யார் அடித்தது, எதற்கு அடித்தது என்று வீட்டுப் பக்கம் எவரும் விசாரிக்கவில்லை. இரண்டு வாரத்தில் பிள்ளைகள் அதில் நாலைப் பிடுங்கித் திடலில் கோல் கம்பமாக நட்டுப் பந்து விளையாட ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு நாள் சாயங்காலம் நானும் மோட்டாரை நிறுத்திவிட்டு அந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நிலத்தை அளந்துவிட்டுப் போனவர்கள் விட்டுச்சென்ற குச்சி அது. ஏழு வருடம் கழித்து, 2024 மார்ச் முடியும்போது, அந்த லயத்தில் ஒரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை.

நான் அந்த லயத்தில் பிறந்தவன். அப்பா குலை வெட்டினார், அம்மா உதிரிப்பழம் பொறுக்கினார். கல்யாணம் ஆனபின் பட்டணத்துக்கு வந்துவிட்டேன். பட்டணம் என்றால் இரண்டு வரிசைக் கடை, ஒரு பெட்ரோல் நிலையம், ஒரு கிளினிக், வாரத்தில் ஒரு நாள் இரவுச் சந்தை, அவ்வளவுதான். பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து மோட்டாரில் கால்மணி நேரம். அதற்கு இப்போது பெஸ்தாரி ஜெயா என்று பெயர், எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. இங்கே சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன்: நகல் எடுப்பது, பாரம் (படிவம்) நிரப்புவது, இணையத்தில் பில் கட்டுவது, கடிதம் தட்டச்சு செய்வது. தோட்டத்து ஆட்களின் காகித வேலையில் பாதி என் மேசையில்தான் நடந்தது. அதனால் இந்த விஷயத்தில் நான் வெளியாள் இல்லை. எல்லாரும் போன பிறகு, ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாகத் தேடிப் போய்ப் பேசினேன். கிள்ளானில் சிலர், ரவாங்கில் சிலர், பூச்சோங்கில் மகன் வீட்டில் ஒருவர், பாதிப் பேர் இதே பட்டணத்து அடுக்குமாடியில். மொத்தம் இருபத்திரண்டு குடும்பம். கம்பெனியின் பெயரையும் ஆட்களின் பெயரையும் எழுதவில்லை. இப்படி ஒன்று எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் போதும்.

கடிதம் வந்த நாள்

2023 ஆகஸ்டில் ஒரு காலை, பெரட்டு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்பு, முடிந்ததும் கிராணி (தோட்டத்து எழுத்தர்) ஆளுக்கொரு கடிதம் கொடுத்தார். மலாயில் ஒன்றரைப் பக்கம். நிலம் கைமாறுகிறது, வேலை நிறுத்தப்படும், ஆறு மாதத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அன்று மத்தியானம் என் கடையில் பன்னிரண்டு பேர் நின்றார்கள். எல்லார் கையிலும் அதே கடிதம்தான். ஒருவருக்கு நான் படித்துச் சொன்னதைப் பக்கத்தில் நின்று முழுக்கக் கேட்டவரும், தன் முறை வந்ததும் தன்னுடையதை நீட்டி, "இதையும் படிச்சிடு தம்பி" என்றார், தன் கடிதத்தில் மட்டும் வேறு ஏதாவது எழுதியிருக்குமோ என்று. பன்னிரண்டு தடவை படித்தேன்.

அந்த ஆறு மாதத்துக்குள் தீபாவளியும் வந்தது, தைப்பூசமும் வந்தது. மனு எழுதினோம், ஒய்பி (தொகுதி மக்கள் பிரதிநிதி) வந்து பேசினார், அரிசி மூட்டை வந்தது, கடைசியில் ஒரு மாதம் கூடக் கிடைத்தது. வேலையில் இருந்தவர்களுக்குச் சட்டப்படி வரவேண்டிய இழப்பீடு வந்தது. அதற்கான விதிமுறை 1980ஆம் வருடத்தியது: ஐந்து வருடத்துக்குக் குறையாமல் வேலை செய்தவருக்கு, வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 20 நாள் சம்பளம். மாதம் 1,500 வெள்ளி (ரிங்கிட்) வாங்கியவர், 22 வருடம் வேலை செய்திருந்தால், கையில் ஏறக்குறைய 22,000 வெள்ளி. கேட்க நல்ல தொகைதான். ஆனால் அன்றைய வேலையையும் அன்றைய வீட்டையும் ஒரே கடிதத்தில் இழந்தவனுக்கு அது. ஏற்கெனவே வயதாகி ஓய்வு பெற்று, மகனோ மருமகளோ தோட்டத்தில் வேலை செய்வதால் லயத்திலேயே தங்கியிருந்த பெரியவர்களுக்கு அதுவும் கிடையாது.

வேலை போனால் வீடும் போகும் என்பது எந்த ரகசியத்திலும் சேர்த்தி இல்லை. 1990இல் தொழிலாளர் வீடமைப்புக்கும் வசதிகளுக்கும் குறைந்தபட்சத் தரம் வைத்து ஒரு சட்டம் வந்தது. முதலாளி கொடுக்கும் வீடு எப்படி இருக்க வேண்டும், தண்ணீர், மின்சாரம், ஆயா கொட்டகை (குழந்தைகள் காப்பகம்) எல்லாம் எப்படி இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. வேலை முடிந்தபின் அந்த ஆள் எங்கே போய் இருப்பான் என்பது அந்தச் சட்டத்தின் கவலை இல்லை. இது தோட்டத்தில் பிறந்த ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். ஓய்வு பெற்றவர் சட்டி பானையை லோரியில் ஏற்றிக்கொண்டு போவதை வருடத்துக்கு ஒரு முறையாவது பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள்.

மரமும் சொன்னது. செம்பனைக்கு ஆயுள் நீளம், ஆனால் லாபம் தரும் காலம் 25லிருந்து 30 வருடம்தான். அதற்கு மேல் குலை எட்டாத உயரத்துக்குப் போய்விடும், வெட்டுகிறவனுக்கும் கூலி கட்டாது. நாட்டிலேயே முதன்முதலாக வணிகத்துக்காகச் செம்பனை நட்டது எங்கள் மாவட்டத்தில், 1917இல், தென்னமராம் தோட்டத்தில். மூன்று தலைமுறையாக இந்த மரத்தை நட்டு, வெட்டி, சாய்த்து, மறுபடி நட்டுப் பழகிய ஆட்களுக்கு, முப்பது வயது தாண்டிய மரத்தை ஒரு கம்பெனி சாய்க்காமலும் புதுக்கன்று கொண்டுவராமலும் விட்டு வைத்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாதா? தெரிந்திருந்தது. நான் பேசிய எல்லாக் குலை வெட்டுகிறவர்களும், "மறுநடவு வரலேன்னப்பவே நெனச்சேன்" என்றார்கள். ஆயா கொட்டகையை மூடினார்கள், ஒழுகும் கூரையை மாற்றுவதை நிறுத்தினார்கள், போன அந்நியத் தொழிலாளர்களுக்குப் பதில் ஆள் எடுக்கவில்லை, அப்புறம் அந்தச் சிவப்புக் குச்சி. இத்தனையும் ஏழு வருடத்துக்குள்.

பணம் எங்கே போனது

இந்த ஏழு வருடத்துக்கு நடுவில்தான் கோவிட் வந்தது. அந்தக் காலத்தில் ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுக்க நான்கு தடவை கதவு திறந்தார்கள். 2020 ஏப்ரலில் ஐ-லெஸ்தாரி, இரண்டாவது கணக்கிலிருந்து மாதம் 500 வெள்ளி வரை, ஒரு வருடத்துக்கு. அப்புறம் ஐ-சினார், இது முதல் கணக்கிலிருந்து, அதாவது கிழவனாகும் வரை தொடக்கூடாது என்று வைத்த பணத்திலிருந்து. 2021 ஜூலையில் ஐ-சித்ரா, 5,000 வெள்ளி வரை. 2022 ஏப்ரலில் சிறப்பு மீட்பு, 10,000 வெள்ளி வரை. நான்கையும் சேர்த்து நாடு முழுக்க வெளியே போனது ஏறக்குறைய 14,500 கோடி வெள்ளி. 2021 முடியும்போது 55 வயதுக்குட்பட்ட உறுப்பினர்களில் 61 இலட்சம் பேரின் கணக்கில் 10,000 வெள்ளிகூட இல்லை. கிட்டத்தட்ட பாதிப் பேர். அப்போது சேமநிதி வாரியமே அடிப்படைச் சேமிப்பு என்று வைத்திருந்த அளவு 55 வயதில் 240,000 வெள்ளி. மாதம் 1,000 வெள்ளி வீதம் இருபது வருடத்துக்கு.

நாட்டுக் கணக்கு அது. என் மேசையில் நடந்ததைச் சொல்கிறேன். தோட்டத்தில் ஒரு அண்ணன், குலை வெட்டுகிறவர், 2020இல் அவருக்கு ஐம்பது வயது. முப்பது வருட உழைப்பில் அவர் சேமநிதியில் இருந்தது 41,000 வெள்ளி. குறைந்தபட்சச் சம்பளம் என்ற ஒன்று இந்த நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2013இல்தான், தீபகற்பத்தில் 900 வெள்ளி. அதற்கு முன்னால் அவர் வாங்கிய சம்பளத்தில் பிடித்த பணம் எவ்வளவு சேரும்? நான்கு தடவையும் அவருக்கு நான்தான் பாரம் நிரப்பினேன். 6,000, அப்புறம் 10,000, அப்புறம் 5,000, அப்புறம் 10,000. மொத்தம் 31,000. கொடுமை என்னவென்றால், அந்தக் காலத்தில் செம்பனை வேலை நிற்கவில்லை. அத்தியாவசியத் தொழில் என்று தோட்டங்களை ஓட விட்டார்கள், அவருக்குச் சம்பளம் வந்துகொண்டுதான் இருந்தது. பணம் அவருக்குத் தேவைப்படவில்லை, அவருடைய பிள்ளைகளுக்குத் தேவைப்பட்டது. மூத்தவனுக்குத் தொழிற்சாலையில் வேலை போய், கார் தவணை நின்று, பெண்டாட்டி பிள்ளையோடு லயத்துக்குத் திரும்பியிருந்தான். இளையவனுக்கு வேலைக்குப் போக மோட்டார். மகளுக்குப் பிரசவம்.

மிச்சத்தில் 4,000 வெள்ளிக்கு லயத்து வீட்டின் சமையல்கட்டைப் பின்பக்கம் இழுத்துக் கட்டி, தரைக்கு நீல நிற ஓடு பதித்தார். கம்பெனி வீடு. மறுநடவு வராத தோட்டம். பின்னால் சிவப்புக் குச்சி நிற்கும் காடு. மூத்தவன் குடும்பமும் சேர்ந்து ஒன்பது பேர் ஒரே அடுப்பில் சமைத்துக்கொண்டிருந்தபோது அவருக்கு அந்தச் சமையல்கட்டுத்தான் பிரச்சினை. அதைத் தீர்த்தார். வீட்டைக் காலி செய்த வாரம் நான் போனபோது, அவர் குந்தி உட்கார்ந்து, உளியும் சுத்தியும் வைத்து, அந்த ஓட்டை உடையாமல் ஒவ்வொன்றாகப் பெயர்த்துக்கொண்டிருந்தார். எட்டில் ஐந்து உடைந்தது. உடையாததைப் பழைய பேப்பரில் சுற்றி அரிசி மூட்டையில் அடுக்கினார். "இது நம்ம காசு தம்பி, இத விட்டுட்டுப் போகக்கூடாது" என்றார். அந்த மூட்டை இப்போது அடுக்குமாடி மூன்றாவது மாடியில், அவர் வாடகைக்கு இருக்கும் வீட்டின் பால்கனியில், பிரிக்காமல் கிடக்கிறது.

நம் ஆட்களைப் பற்றிப் பேசும்போது சுலபமாக ஒரு வார்த்தை வந்துவிடும்: ஊதாரிகள், குடிகாரர்கள், நாளையைப் பற்றி நினைக்கத் தெரியாதவர்கள். இந்த அண்ணன் குடிப்பதில்லை. எடுத்த 31,000 வெள்ளியில் தனக்கென்று ஒரு செருப்பு வாங்கியதாகக்கூடத் தெரியவில்லை. அந்த வார்த்தையை யாராவது இவரைப் பார்த்துச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஆனாலும் எல்லாம் முடிந்தபோது அவர் கணக்கில் இருந்தது 10,000 சொச்சம். 41,000 அப்படியே இருந்திருந்தால், அதோடு 22,000 இழப்பீடும் சேர்ந்திருந்தால், சிலாங்கூரில் ரொம்ப காலம் 42,000 வெள்ளிக்கு விற்ற மலிவு வீட்டில் ஒன்றை, மறுவிற்பனைக்கு வருவது கொஞ்சம் கூடுதல் விலையானாலும், வாங்கியிருக்க முடியும். இரண்டாவது கணக்கை வைத்ததே வீடு வாங்கத்தானே. வங்கிக்குப் போனால் எழுபது வயதுக்குள் கடனை முடிக்க முடியுமா என்று பார்ப்பார்கள். 54 வயதில், வேலை போன மாதத்தில், அவர் எந்த வங்கிக்குப் போவார்?

பாரத்தை நிரப்பி, விரல் பதித்து, ஐந்து வெள்ளி வாங்கிக்கொண்டு அனுப்பினேன். "அண்ணே, இது வீட்டுக்காக வச்ச பணம், தோட்டம் இன்னும் எத்தனை வருஷம்னு தெரியல" என்று ஒரு தடவைகூட நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியும், ஆனால் சொல்லவில்லை. வரிசையில் ஆள் நின்றார்கள்.

முன்னாடியே கிளம்பிய ஒரு அக்கா

இருபத்திரண்டு குடும்பத்தில் மூன்று குடும்பத்துக்குச் சொந்த வீடு இருந்தது. அதில் ஒருவர், மருந்து அடிக்கிற வேலையில் இருந்த ஒரு அக்கா, கணவர் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். 2005இல், நாற்பது வயதாகும் முன்பே, சேமநிதியின் இரண்டாவது கணக்கிலிருந்து முன்பணம் எடுத்துக் கட்டி, பட்டணத்தில் மலிவு அடுக்குமாடியில் ஒரு வீட்டை வாங்கிவிட்டார். லயத்தில் சும்மா இருக்க வீடு இருக்கும்போது மாதாமாதம் வங்கிக்குக் கட்டுகிறாள் என்று அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். வீட்டை வாடகைக்கு விட்டு அதிலேயே தவணை கட்டினார். கடிதம் வந்த மாதம் வாடகைக்காரருக்குச் சொல்லிவிட்டு, வெள்ளையடித்துக் குடிபோனார்.

உங்களுக்கு மட்டும் எப்படித் தோன்றியது என்று கேட்டேன். அவர் புத்திசாலித்தனம் என்று எதையும் சொல்லவில்லை. பதின்மூன்று, பதினான்கு வயதில் வேறொரு தோட்டத்திலிருந்து அவர் குடும்பத்தை இறக்கிவிட்டிருக்கிறார்கள். மழை. லோரியில் கட்டிலுக்கு மேல் தார்ப்பாய் போட்டு, கோழிக்கூண்டை மடியில் வைத்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்தாராம். "அந்த லோரி எங்க போகுதுன்னு டிரைவருக்கும் தெரியல, அம்மாவுக்கும் தெரியல" என்றார். அதுதான் அவரை 2005இல் வங்கிக்கு அனுப்பியது. அதாவது, முன்யோசனை என்று நாம் பாராட்டுவது அங்கே ஒரு பழைய அடி. அடிபடாத மற்ற பத்தொன்பது குடும்பத்துக்கு அந்த வலி போய்ச் சேர வழியே இல்லை. யாரிடமாவது சொன்னீர்களா என்று கேட்டதற்கு, "ரெண்டு பேர்ட்ட சொன்னேன், சிரிச்சாங்க, அப்புறம் யாரும் கேக்கல, நானும் சொல்லல" என்றார்.

அம்மனுக்குக் கிடைத்த நிலம்

இந்த நிகழ்வில் என்னை இரவு தூங்க விடாத பகுதி இதுதான்.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவை ஒரு தடவை பார்த்தவர் இந்த ஆட்களுக்குத் திட்டமிடத் தெரியாது என்று சொல்லவே மாட்டார். இந்த வருடத் திருவிழா முடிந்து கொடி இறங்கிய மறுவாரம் அடுத்த வருடத்துக்கான கூட்டம். எந்த நாள் யார் உபயம், எத்தனை பால்குடம், பந்தல் யார், மேளம் யார், அன்னதானத்துக்கு எத்தனை மூட்டை அரிசி, எல்லாம் பன்னிரண்டு மாதத்துக்கு முன்பே நோட்டில் ஏறிவிடும். பொருளாளர் தாத்தா மாதம் ஒரு தடவை சம்பளத்துக்கு மறுநாள் லயத்தைச் சுற்றி வருவார், கையில் ரசீது புத்தகம். பத்து வெள்ளி, இருபது வெள்ளி. கொடுக்காதவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "சரி, அடுத்த மாசம் சேத்துக் குடு" என்று எழுதிக்கொண்டு போவார். சங்கப் பதிவிலாகாவுக்கு வருடாவருடம் கணக்கு ஒழுங்காகப் போகும். ஒரு காசு பிசகாது.

2017இல் அடித்த முளைக்குச்சிகளில் ஒன்று கோயில் வளாகத்துக்குள், வேப்பமரத்தடியில், விழுந்திருந்தது. தோட்டத்திலேயே அதைப் பற்றிக் கேள்வி கேட்டவர்கள் கோயில் நிர்வாகத்தினர்தான். பொருளாளர் தாத்தாவும் தலைவரும் ஆபீசுக்குப் போய் மேனேஜரைப் பார்த்தார்கள். நிலம் பின்னாளில் மேம்பாட்டுக்குப் போகலாம் என்று வாய்வழியாகச் சொன்னார்களாம். உடனே 2018 தொடக்கத்தில் கோயிலுக்கு மாற்று இடம் கேட்டுக் கடிதம் போனது, கம்பெனிக்கு ஒன்று, மாவட்ட நில அலுவலகத்துக்கு ஒன்று, ஒய்பிக்கு ஒன்று. நாலரை வருடம் விடாமல் அலைந்து, பட்டணத்தின் ஓரத்தில் கோயிலுக்கு ஒரு துண்டு நிலம் வாங்கிவிட்டார்கள். கடிதம் வந்த 2023 ஆகஸ்டில் அம்மனுக்குப் புது இடத்தில் அஸ்திவாரம் போட்டாயிற்று. மக்களுக்கு ஒன்றும் இல்லை.

அந்த 2018 கடிதத்தைத் தட்டச்சு செய்தவன் நான். என் கணினியில் அது இன்னும் இருக்கிறது. நிலம் கைமாறும் என்று முதல் பத்தியிலேயே எழுதியிருக்கிறது. எழுதிக்கொடுத்த தலைவரும், கையெழுத்துப் போட்ட செயலாளரும், தட்டச்சு செய்த நானும், எங்கள் மூன்று பேர் குடும்பமும் அந்த லயத்தில் பிறந்து வளர்ந்தவை. அதே கடிதத்தில், கோயிலுக்கு இடம் என்பதற்குக் கீழே, இருபத்திரண்டு குடும்பத்துக்கும் இடம் என்று ஒரு வரி சேர்க்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பொருளாளர் தாத்தாவிடம் போன வருடம் இதைக் கேட்டேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் சொன்னார்: "எங்களுக்குக் கோயில் பொறுப்புதானே குடுத்திருந்தாங்க தம்பி. வீட்ட பத்தி பேச நாங்க யாரு?"

எனக்கு இந்த நிகழ்வு முழுவதும் அந்தப் பதிலில் இருக்கிறது. எல்லாருக்கும் தெரிந்திருந்தது, ஆனால் அது யாருடைய வேலையாகவும் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு வாரியம் இருந்தது, ஆகவே பள்ளி முன்கூட்டியே பட்டணத்துக்கு இடம் மாறிவிட்டது; நாடு விடுதலை அடைந்தபோது இருந்த 888 தமிழ்ப்பள்ளிகள் இப்போது 530க்கும் குறைவு என்பதால் அந்த வாரியத்தினர் எப்போதும் விழித்திருப்பவர்கள். கோயிலுக்கு நிர்வாகம் இருந்தது, கோயில் பிழைத்தது. சம்பளத்துக்குத் தொழிற்சங்கம் இருந்தது, சம்பளம் ஏறியது. லயத்து வீட்டில் வாழ்ந்தவன் நாளைக்கு எங்கே தூங்குவான் என்று கேட்க ஒரு ரசீது புத்தகம் இல்லை.

இது முன்பு இருந்தது

அப்படி ஒரு ரசீது புத்தகம் ஒரு காலத்தில் இருந்தது. 1950களின் கடைசியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பியபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டு விற்க, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலையும் வீடும் இல்லாமல் நின்றன. துண்டாடல் என்றாலே பழைய ஆட்களுக்கு இப்போதும் முகம் மாறும். அப்போது அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், தொழிலாளர்களே பங்கு போட்டுத் தோட்டத்தை வாங்கலாம் என்று சொல்லி, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ரப்பர் பால்வெட்டும் சம்பளத்திலிருந்து மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்குப் பணம். முதலில் வாங்கியது கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நிறைந்த தலைமுறை அது, இன்றைய குலை வெட்டுகிறவரைவிட ஏழைகள். அவர்கள் நாளையைப் பற்றி நினைத்தார்கள் என்றால், மாதம் ஒரு தடவை யாரோ வாசலில் வந்து நின்று கேட்டதால்தான். எங்கள் தாத்தா அதில் பங்கு போட்டவர். அந்தப் பங்குச் சான்றிதழை அம்மா சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார்.

தோட்டத் தொழிலாளிக்குச் சொந்த வீடு என்ற பேச்சு 1970களிலேயே அரசாங்கத்தில் எழுந்தது. எங்கள் பக்கத்திலேயே ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள், 245 குடும்பங்கள், நிரந்தர வீடு கேட்டுக் கால் நூற்றாண்டு காத்திருந்த கதை செய்தித்தாள் படிக்கிற எல்லாருக்கும் தெரியும். கம்பெனியைப் பொறுத்தவரை, அவர்களுக்குக் கடிதத்துக்கு முன்பே தெரியும். 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கைமாற்ற தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும், அளவை வேண்டும், இதெல்லாம் ஆறு மாதத்தில் முடிகிற காரியம் இல்லை. ஐந்து வருடம் முன்பே பெரட்டில் நின்று சொல்லியிருந்தால் அந்த அண்ணன் நீல ஓடு பதித்திருக்க மாட்டார். சொல்லாமல் விட்டது தப்பு. சட்டம் கேட்கவில்லை என்பது அந்தத் தப்பைச் சின்னதாக்காது.

இரண்டு பாட்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிவப்பு அடையாள அட்டை, அதாவது குடிமகன் அல்லாத நிரந்தரவாசியின் அட்டை, வைத்திருப்பவர்கள், பிறந்தது இந்த மண், பிறப்புப் பத்திரம் இல்லை. மலிவு வீட்டுக்குக் குடிமக்கள்தான் மனுச் செய்ய முடியும். அவர்களுக்கு ஆறு மாதம் இல்லை, ஆறு வருடம் கொடுத்திருந்தாலும் அந்த வரிசையில் நிற்க முடியாது. அதைச் சரிசெய்ய வேண்டிய காலம் நாற்பது வருடத்துக்கு முன்பு.

அடுத்த தோட்டம்

பக்கத்தில் இன்னொரு தோட்டம் இருக்கிறது. அங்கே மரம் 2000இல் நட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள். லயத்தில் பதினேழு தமிழ்க் குடும்பம். 2030இல் இந்த நாட்டில் நூற்றுக்குப் பதினைந்து பேர் அறுபதைத் தாண்டியிருப்பார்கள் என்கிறார்கள். அந்த லயத்தில் இப்போதே பாதி வீட்டில் அப்படித்தான்.

போன வருடம் அந்தத் தோட்டத்துக் கோயில் ஆண்டுக் கூட்டத்துக்குப் பொருளாளர் தாத்தாவும் நானும் போனோம். பேச நேரம் கேட்டோம். தாத்தாதான் பேசினார், எங்கள் கோயில் கடிதத்தைப் பற்றி, ஒளிக்காமல். பேசும்போது கை நடுங்கியது. அதன்பிறகு கூட்டத்தில் ஒரு முடிவு எடுத்தார்கள்: கோயில் நோட்டோடு இன்னொரு நோட்டு, வீட்டு நோட்டு. முதலில் ஒருவர் கூட்டு பிடிக்கலாம் என்றார், மாதாமாதம் போட்டு ஆளுக்கொரு மாதம் எடுப்பது. அது 1971ஆம் வருடச் சட்டப்படி குற்றம் என்று நான் சொன்னேன், தவிர பணம் ஒருவர் கையில் இருக்கக் கூடாது. அதனால் பணத்தை நிர்வாகம் தொடாது. அவரவர் கணக்கில் அவரவர் கட்டுவது. வேலைக்குப் போகாத பெண்கள், சொந்தத் தொழில் பார்க்கும் பையன்கள் சேமநிதியில் தாங்களாகவே கட்டினால் ஐ-சாரான் திட்டத்தில் அரசாங்கம் 20 விழுக்காடு, வருடத்துக்கு 500 வெள்ளி வரை, சேர்த்துப் போடுகிறது. ஒன்பது பேரைப் பதிந்தோம். இல்லத்தரசிகளுக்கு வருடம் 120 வெள்ளிக்கு சொக்சோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பாதுகாப்பு இருக்கிறது, அதிலும் ஆறு பேர். மலிவு வீட்டுக்கு எல்லா வீட்டிலிருந்தும் மனு. கம்பெனிக்கு ஒரே ஒரு கேள்வியோடு கடிதம்: மறுநடவு எப்போது? பதில் இன்னும் வரவில்லை, இரண்டாவது கடிதம் போயிருக்கிறது.

2024 மேயிலிருந்து சேமநிதியில் மூன்றாவது கணக்கு வந்திருக்கிறது, கட்டுகிற பணத்தில் நூற்றுக்குப் பத்து அதில் விழும், எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். எடுக்க என் கடைக்கு வருகிறார்கள். இப்போது நான் கேட்கிறேன். எதற்கு அண்ணே, எவ்வளவு மிச்சம் இருக்கு, வீட்டு நோட்டுல உங்க பக்கம் எப்படி இருக்கு என்று. ஒருவர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போய்விட்டார். இரண்டு பேர் பாரத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள்.

தாத்தாவுக்கு இப்போது 71 வயது, மூட்டு வலி. ஆனாலும் சம்பளத்துக்கு மறுநாள் என் மோட்டாரின் பின்னால் ஏறி உட்கார்ந்து அந்த லயத்துக்கு வருகிறார். வாசலில் உட்காருகிறார், தண்ணீர் வாங்கிக் குடிக்கிறார், "கட்டியாச்சா?" என்று கேட்கிறார், நோட்டில் ஒரு சரி போடுகிறார். போன மாதம் பதினேழு வீட்டில் பதினொரு வீடு கட்டியிருந்தது. மீதி ஆறு வீட்டுக்கு இந்த ஞாயிறு போகிறோம்.